ஐந்தாவது அட்டை

காதணி விழா பிளக்ஸ்,
உரமூட்டைக்கு நெற்கதிர்,
நகைக்கடை பில்லுக்குத் தாமரை.
இவ்வளவுதான் என் கைத்தொழில்.
சிம்மக்கல்லில் மாடியறை, கீழே அச்சு மெஷின்.
அது ஓடினால் என் டீயும் நடுங்கும்.

அங்கேதான் ஏறி வந்தார் பியூலா டீச்சர்.
நரிமேட்டுப் பள்ளியில் கணக்கு,
கோடை விடுமுறையில் காதல் கதை.
பையிலிருந்த ஐந்து புத்தகத்தையும்
மேஜைமேல் பரப்பினார்
விடைத்தாள் திருப்பித் தருகிற முகத்தோடு.
"எல்லாம் ஃபெயிலும்மா. உள்ளே இல்லை, வெளியே."

பார்த்தேன்.
ஐந்திலும் சூரியன் மறைந்துகொண்டே இருந்தது.
ஐந்திலும் ஒரே புறா,
ஒன்றில் மட்டும் இடவலம் மாறி.
யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்
கோதுமை வயலில் நின்று வெட்கப்பட்டாள்.

"என் சாராள்மணி மேலூர் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறவள்.
கோதுமையைச் சப்பாத்தியில்தான் பார்த்திருக்கிறாள்."

வாசிக்காமல் எப்படி வரைவது?
நான் சித்திரையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர் மகள்.
மிஷன் பள்ளியில் வசனம் ஒப்பித்து
டிபன் பாக்ஸ் வாங்கியதோடு சரி.
அன்றிரவு ஒன்றரை மணிக்கு
நான் சிரித்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சாராள்மணி கேட்கிறாள்:
"ஆண்டவரே,
இவன் வேண்டாமென்று மூன்று நாள் உபவாசமிருந்தேன்.
நாலாம் நாள் பரோட்டாக் கடையில்
இவனை ஏன் என் எதிரில் உட்காரவைத்தீர்?
கொத்துகிற சத்தத்தில் உம்முடைய குரல் கேட்கவில்லை.
கொஞ்சம் உரக்கச் சொல்லும்."

அவன் பெயர் ஆசீர்.
பாடகர் குழுவில் டெனர்.
எப்போதும் அரைச் சுருதி தாழ்ந்துதான் பாடுவான்,
கேட்டால் தாழ்மை என்பான்.

ஐந்து கதையிலும் யாரும் யாரையும் முத்தமிடவில்லை.
ஆனால் மூன்றாவதில்,
ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை,
"தடை ஏதும் உண்டானால்" என்று ஐயர் நிறுத்தும்போது
அவளுக்குத் தும்மல் வருகிறது.
அந்தத் தும்மலுக்குப் பத்துப் பக்கம்.
பத்துப் பக்கமும் எனக்கு வேர்த்தது.

வரைந்தேன்.
முதலாவதற்குப் பஸ் கம்பி, இரண்டு கை,
இடையில் ஒரு டிக்கெட் அகலம்.
அடுத்ததற்குப் பாதி பிய்த்த பரோட்டா.
தும்மல் கதைக்கு ஒரு கைக்குட்டை போதும்.
நாலாவதில் கவிழ்த்த ஹெல்மெட், அதற்குள் கசங்கிய பூச்சரம்.
ஐந்தாவது வரவில்லை.
எட்டு நாள் வரவில்லை.
பிறகு ஒரு ஞாயிறு, அரசரடிப் பக்கம்
ஆராதனை நடக்கிற கோயில் வாசலைக் கடக்கும்போது
கிடைத்தது:
அவள் செருப்பு ஒரு ஜோடி, அவன் செருப்பு ஒரு ஜோடி,
நீளும் காலை நிழல்கள்
தொடாமல், நூலளவு தள்ளி.

பதிப்பாளர் ஸ்தேவான்தாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"செருப்பா? கிறிஸ்தவக் காதலுக்குச் செருப்பா?
ஒரு புறாவாவது..."
"வேதத்தில் அதற்குப் பாதரட்சை என்று பெயர், சார்.
மோசேயிடம் பேச்சைத் தொடங்கியதே அதில்தான்.
புறா வந்தது வெள்ளம் வடிகிற நேரத்தில்.
என் கதையில் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது."

முதல் தாள் விழுந்தது.
கீழிருந்து கருத்தப்பாண்டி கத்தினான்:
"அக்கா, கலரு ஒரு நூல் நகண்டுருச்சு!
அங்கிட்டு நெழலு இங்கிட்டுச் சாஞ்சிருச்சு!"

டீச்சர் ஈரத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
நிழலும் நிழலும்
கட்டைவிரல் நுனியில் தொட்டுக்கொண்டிருந்தன.
வெகுநேரம் பார்த்தார்.
மெஷினை நிறுத்தியிருந்தார்கள்,
என் டீ அசையவில்லை.

"இதையே ஓட்டச் சொல்லும்மா."
"தப்பு, டீச்சர்."
"தெரியுது. கணக்கென்றால் அரை மார்க் குறைப்பேன்."

பின்னட்டையில்,
பார்கோடு கம்பிகளின் மேல்,
கடுகளவு ஒரு புறாவை உட்காரவைத்திருக்கிறேன்.
ஸ்தேவான்தாஸ் சார்
இன்னும் பார்க்கவில்லை.